செவிலியருக்குக் கணினி கோர்ஸ் போதுமா?

நர்சிங் முடித்த உங்கள் தங்கை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேரப்போகிறார். நேர்காணலில் "டிஜிட்டல் ஹெல்த் லிட்டரசி இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறார்கள். மருத்துவ மென்பொருளையும் இணையத்தில் வரும் உடல்நலத் தகவலையும் புரிந்து பயன்படுத்தும் அறிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்காக ஆறு மாதக் கணினி கோர்ஸில் பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. கட்ட வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்பதை நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழப்பம் நான் பாடம் எடுக்கும் மாணவிகளிடமும் அவர்களை வேலைக்கு எடுக்கும் நிர்வாகங்களிடமும் இருக்கிறது.

ஸ்மார்ட்போனோடு வளர்ந்த பிள்ளைக்கு மருத்துவமனை மென்பொருளில் எங்கே தட்டுவது என்பது ஓரிரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்குத் தனியாக வகுப்பு எதற்கு? கற்றுக்கொள்ளக் கடினமானவை வேறு. திரையில் தெரிவது எங்கிருந்து வந்தது, எந்தச் சூழலில் அது தப்பாகும், தப்பென்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு யாரைக் கேட்பது. இவை தெரியாமல் வேகமாகத் தட்டத் தெரிந்திருப்பது ஆபத்து.

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை எல்லா நர்சிங் மாணவிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையில் ரத்தக்கசிவுக்காக அனுமதிக்கப்பட்டு, தேறிக்கொண்டிருந்த 75 வயது அம்மா ஒருவருக்கு பெட் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு. குறுகலான இயந்திரத்துக்குள் போக அவருக்குப் பயம். பதற்றம் தணிய வெர்செட் கொடுக்கச் சொன்னார்கள். வெர்செட் என்பது கம்பெனிப் பெயர், மருந்து மிடாசோலம். அங்கே மருந்துகள் கணினி அலமாரியில் இருக்கும், பெயரைத் தட்டினால்தான் உரிய அறை திறக்கும். நர்ஸ் வெர்செட்டின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். அலமாரியோ மருந்தின் மூலப்பெயரில் தேடிக்கொண்டிருந்தது. வெர்செட் வரவில்லை. வழக்கமான சரிபார்ப்பைத் தாண்டிப்போகும் ஓவர்ரைடு வசதியைப் போட்டு மறுபடி தேடினார். அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. மயக்க மருத்துவத்தில் தசைகளை முடக்கப் பயன்படுத்தும் மருந்து அது. வென்டிலேட்டர் துணை இல்லாதவருக்குப் போட்டால் மூச்சு நின்றுவிடும். அந்த அம்மா மறுநாள் இறந்தார். 2022 மார்ச்சில் அந்த நர்ஸ் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. மே மாதம் சிறைக்குப் பதிலாக மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

நர்ஸ் கவனிக்காமல் விட்டவை நிச்சயம் உண்டு. மிடாசோலம் திரவமாகவே வரும். வெக்குரோனியம் பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. மருந்து ஏற்றிய பிறகு பக்கத்தில் இருந்து கண்காணிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஒருவரோடு கதையை முடித்துவிட்டால் பாடம் போய்விடும். இரண்டே எழுத்தில் பட்டியலை நீட்டும்படி அலமாரியை அமைத்தது அவர் இல்லை. மருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்து சரிபார்க்கும் கருவி அந்த ஸ்கேன் பிரிவில் இல்லை. புதிய மின்னணுப் பதிவு முறைக்கு மருத்துவமனை அப்போதுதான் மாறியிருந்தது. தாமதத்தைச் சமாளிக்க ஓவர்ரைடு போடுவது அன்றாடப் பழக்கமாகிவிட்டிருந்தது என்று விசாரணையில் சொல்லப்பட்டது. பிறகு, மருந்துப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு, இத்தகைய அலமாரிகளில் குறைந்தது ஐந்து எழுத்து தட்டிய பிறகே பெயர்கள் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு மென்பொருள் அமைப்பில் செய்யக்கூடிய எளிய மாற்றம் அது.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று உங்கள் தங்கை நினைக்கக்கூடாது. நம் வார்டுகளில் எமசெட், லேசிக்ஸ், மோனோசெஃப் என்றுதான் பேசுகிறோம். ரவுண்ட்ஸில் டாக்டர் வாயால் சொல்வதும் அதையே. ஆனால் பல மருத்துவமனை மென்பொருள்களில் ஒன்டான்செட்ரான், ஃபுரோசமைட், செஃப்ட்ரியாக்சோன் என்று தேடினால்தான் கிடைக்கும். நடுராத்திரியில் ஒரே ஆளாக இருபது படுக்கையைப் பார்க்கும் பெண், காதில் விழுந்த பெயருக்கும் கண்ணில் படும் பெயருக்கும் நடுவே மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வேலை செய்கிறார். கம்பெனிப் பெயரையும் மூலப்பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் இங்கே டிஜிட்டல் அறிவின் முதல் பாடம் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். கணினி கோர்ஸில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். மருந்தியல் புத்தகத்தில் இருக்கிறது.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்கோடு வைத்து மருந்து கொடுக்கும் முறையில் நர்சுகள் எப்படிச் சுற்றுவழி போகிறார்கள் என்று ராஸ் காப்பல் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். 15 வகைக் குறுக்குவழிகள் கிடைத்தன. நோயாளியின் கைப்பட்டையை இன்னொரு பிரதி எடுத்து வேறெங்காவது ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. என்னை அதிகம் யோசிக்கவைத்தது அடுத்த எண்: இந்தக் குறுக்குவழிகளுக்கு 31 வகைக் காரணங்களை அவர்கள் பட்டியலிட்டார்கள். நனைந்து அழிந்த பார்கோடு, பாதியில் நிற்கும் பேட்டரி, வயர்லெஸ் எட்டாத மூலை, அவசர நிலையில் இருக்கும் நோயாளி. இவற்றைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. எனவே ஒரு வார்டில் எல்லோரும் ஒரே குறுக்குவழியில் போகிறார்கள் என்றால், நர்சுகளை மறுபடி பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த இயந்திரத்தை ஒருமுறை பார்க்கும்படி நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.

நம்மூரில் இதற்கு நேரான உதாரணம், இரவு டூட்டியின் பி.பி., பல்ஸ், யூரின் அளவு எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு விடியற்காலையில் மொத்தமாக ஏற்றுவது. பழைய கேஸ் ஷீட்டில் இரண்டு மணிக்குப் பார்த்ததை இரண்டு மணிக் கட்டத்தில் எழுதலாம். மென்பொருளில் எப்போது பார்த்தீர்கள், எப்போது ஏற்றினீர்கள் என்று இரண்டு நேரங்களும் தங்கும். பார்த்த நேரத்தைத் திருத்தாமல் ஏற்றினால், இரண்டு மணிக்கு விழுந்த ரத்த அழுத்தம் ஆறு மணிக்கு விழுந்ததாகப் பதிவாகும். மருத்துவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார். நாளை நீதிமன்றம் போனாலும் அந்தப் பதிவுதான் பேசும்.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால், தமிழ்நாட்டில் அதிக டிஜிட்டல் வேலை செய்யும் செவிலியர் யார் என்று கேட்டால் கிராம சுகாதாரச் செவிலியரைத்தான் சொல்வேன். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் பதிவு. அதில் கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி நகராது. அதோடு தடுப்பூசிப் பதிவு, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தொடர்பணிகள். இத்தனைக்கும் மேலே நோட்டுப் பதிவேடுகளும் தொடர்கின்றன. ஒரே தாயின் விவரத்தை இரண்டு மூன்று இடங்களில் எழுதும் பெண்ணிடம் போய் "உங்களுக்கு டிஜிட்டல் அறிவு போதாது" என்று சொல்வது அநியாயம்.

அந்த வேலையில் உண்மையான திறமை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி மாதவிலக்குத் தேதி. அது நிரம்பாமல் பதிவு நகராது. அந்தத் தேதியோடு 280 நாளைக் கூட்டி மென்பொருள் பிரசவத் தேதியைச் சொல்லிவிடும், சந்தேகமே இல்லாத தொனியில். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தேதி நினைவில்லை. அவசரத்தில் 1-ம் தேதியோ 15-ம் தேதியோ விழுந்துவிடும். தேதி இரண்டு வாரம் பிசகினால், வளர்ச்சி குன்றிய குழந்தை சரியான எடையில் இருப்பதுபோலத் தெரியலாம், நாள் கடந்த கர்ப்பம் நாள் வராததுபோலத் தெரியலாம். அனுபவமுள்ள சிஸ்டர் என்ன செய்வார்? "ஆடிப்பெருக்குக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா? பிள்ளையார் சதுர்த்திக்குத் தலைக்குக் குளிச்சிருந்தியா?" என்று கேட்டு, நாட்களை நெருக்கிக்கொண்டு வருவார். முதல் மூன்று மாத ஸ்கேனோடு ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் டாக்டரிடம் சொல்லித் தேதியைத் திருத்தவைப்பார். இது கணினித் திறமையா, நர்சிங் திறமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் வேண்டியதில்லை.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 6.8 என்பது விரல் தவறி 8.6 என்று விழுந்தால் மென்பொருள் அவரை அந்தப் பட்டியலில் காட்டாது. கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறதே என்று திரும்ப எண்ணைப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் அங்கே காப்பு.

திரையை எப்போது சந்தேகிப்பது என்பதற்கு இன்னும் இரண்டு உதாரணங்கள் தருகிறேன், இவை ஆராய்ச்சியில் நிரூபணமானவை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், 92 முதல் 96 வரை காட்டும்போதே ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருந்த நோயாளிகளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவியின் ஒளி தோலைக் கடந்து போய்த்தான் அளக்கிறது, தோலின் நிறம் குறுக்கே வருகிறது. கறுத்த நிறத்தவரைத் தினமும் பார்க்கும் நமக்கு இது மிக முக்கியம். 94 காட்டுகிறது, ஆனால் நோயாளி வாய்விட்டு மூச்சு வாங்குகிறார் என்றால் மூச்சை நம்புங்கள். டாக்டரைக் கூப்பிட்டு ரத்தவாயுப் பரிசோதனை கேளுங்கள்.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கைகள். கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே சொல்லும் என்று, எபிக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மருத்துவமனை மென்பொருளில் ஒரு கணிப்பு முறையைச் சேர்த்தது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் அது ஓடியது. 2021-ல் மிச்சிகனில் வெளியாட்கள் சோதித்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. அதே நேரத்தில் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. இப்படி அடித்துக்கொண்டே இருக்கும் மணிக்குக் காது மரத்துப்போகும். மணி அடிக்காததால் நோயாளி நலம் என்ற எண்ணமும் வந்துவிடும்; அது இன்னும் மோசம். உங்கள் தங்கை சேரும் இடத்தில் இப்படி ஏதாவது இருந்தால், எதை வைத்து அது கணக்கிடுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், அந்த மணியை ஒரு துணைக்குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

ரகசியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. வார்டு வாட்ஸ்அப் குழுவில் இ.சி.ஜி. படம் போடுகிறோம். அவசரத்தில் அது உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் படத்தில் நோயாளியின் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் படம் குழுவில் உள்ள எல்லோருடைய போன் கேலரியிலும் இறங்கலாம், அங்கிருந்து அவரவர் கூகுள் கணக்கிலும் ஏறலாம், வீட்டில் பிள்ளைகள் கையிலும் போகும். எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதை 2017-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கருக்கலைப்பு, மனநலம், பாலியல் வன்முறை சம்பந்தப்பட்ட எதையும் குழுவில் போடவே கூடாது. லாகினை இன்னொருவருக்குக் கொடுப்பதும் இதே வகைதான். உங்கள் பெயரில் அவர் போடும் மருந்துக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போட்டவர் ஆகிறீர்கள்.

பதிவின்போது வரும் கர்ப்பிணியின் ஓ.டி.பி. கணவரின் போனுக்குப் போகும் வீடுகள் ஏராளம். அந்தக் கணவர் திருப்பூரில் ஷிஃப்டில் இருப்பார். அவரைக் கூப்பிட்டு எண் வாங்கும் நேரத்தில், அந்தப் பெண் கணவரிடம் சொல்ல விரும்பாத விவரம் ஏதாவது அவருக்குத் தெரியப்போகிறதா என்று யோசிக்க வேண்டியதும் செவிலியர்தான். ஆபா என்ற 14 இலக்க தேசியச் சுகாதார அடையாள எண் எடுப்பது கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்று சொல்ல வேண்டியதும் அவரே. பதிவு எண்ணிக்கை கூட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கடி வரும் நாளிலும் அதைச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் செவிலியர் கையில் இருக்கும் கருவிகள் பற்றி. நோயாளி கையில் இருக்கும் போன் பற்றி மருத்துவமனைகள் பேசுவதே இல்லை. எனக்கோ அதுதான் பெரிய கவலை. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிதான் காரணம் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மத்தியக் குழுவின் ஆய்வு முடிவு வந்தபோது அக்டோபர் ஆகியிருந்தது. இடைப்பட்ட அத்தனை மாதமும் வாசற்படியில் நின்று பதில் சொன்னவர்கள் செவிலியர்கள். "அதெல்லாம் வதந்தி, நம்பாதீங்க" என்றவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. "எங்க பார்த்தீங்க, காட்டுங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் வந்தது. யார் அனுப்பியது, எந்தத் தேதிச் செய்தி, எந்த டாக்டர் சொன்னதாக இருக்கிறது, அவர் எந்த மருத்துவமனை என்று கேள்வி கேட்டுக்காட்டினால், அடுத்த ஃபார்வர்டு வரும்போது அந்த வீட்டில் ஒருவராவது அதே கேள்வியைக் கேட்பார். உங்கள் தங்கைக்கு வார்டில் இந்த வேலை தினமும் இருக்கும். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறிய தாத்தா, பேரன் காட்டிய வீடியோவைப் பார்த்துத்தான் மாறியிருப்பார். பேரனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச வேண்டும்.

இதையெல்லாம் அளக்க முடியுமா என்றால், செவிலியர்களின் டிஜிட்டல் அறிவு பற்றி வரும் ஆய்வுகளில் பெரும்பாலும் இ-ஹீல்ஸ் என்ற கேள்வித்தாள்தான் இருக்கும். நார்மன், ஸ்கின்னர் என்ற இருவர் 2006-ல் உருவாக்கியது, எட்டுக் கேள்விகள், 8 முதல் 40 வரை மதிப்பெண். "இணையத்தில் நல்ல தகவலையும் மோசமான தகவலையும் என்னால் பிரித்தறிய முடியும்" என்ற வகை வாக்கியங்களுக்கு எந்த அளவு உடன்படுகிறீர்கள் என்று தானே சொல்ல வேண்டும். இது ஒருவரின் தன்னம்பிக்கையைத்தான் அளக்கும். தன்னைச் சந்தேகித்து இரண்டாம் முறை சரிபார்க்கும் நல்ல நர்ஸ் இதில் குறைவாகவும், எதையும் யோசிக்காமல் தட்டுபவர் அதிகமாகவும் வாங்கிவிட வாய்ப்பு உண்டு. ஏதாவது மருத்துவமனை இந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்தால் அதை நான் ஏற்க மாட்டேன்.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் இரண்டாம் செமஸ்டரிலேயே சுகாதாரத் தகவலியல் தனிப் பாடமாக வந்துவிட்டது. உங்கள் தங்கை அதற்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் அடிப்படை ஏற்கெனவே படித்திருக்கிறார். பழைய பாடத்திட்டத்தில் படித்தவர் என்றால் அந்தப் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கினால் போதும். ஆறு மாதக் கட்டணத்தில் சிறு பகுதிகூட ஆகாது.

சேர்ந்த முதல் வாரத்தில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும். மருந்துத் தேடலில் கம்பெனிப் பெயரும் வருமா, மூலப்பெயர் மட்டுமா. ஓவர்ரைடு போட யாருடைய அனுமதி வேண்டும். தவறான நோயாளியின் பக்கத்தில் பதிவு போட்டுவிட்டால் அழிக்காமல் திருத்தும் வழி என்ன. மென்பொருளில் ஆபத்தான குறை கண்டால் யாரிடம் எழுதிக் கொடுப்பது. சர்வர் நின்றுபோனால் காகிதப் படிவங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. சுமார் இரண்டு வாரம் அனுமதி, டிஸ்சார்ஜ், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் கையால் எழுதித்தான் நடந்தது. கேஸ் ஷீட்டில் எழுதியே பழகாத தலைமுறை இப்போது வார்டுக்கு வருகிறது. எனவே வீட்டில் இருக்கும் இந்தச் சில வாரத்தில், ஒரு பழைய ட்ரீட்மென்ட் சார்ட்டையும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டையும் வாங்கி, கையால் நிரப்பிப் பழகச் சொல்லுங்கள்.